வேஷம் கட்ட எத்தனை வருஷம்?

ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தரும் அமைப்புகளைப் பற்றிய கட்டுரைகளை நாலைந்து வரிசையாக வாசித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வாக்கியங்கள்தான் இருக்கும். பிள்ளையின் அப்பா என்ன வேலை செய்கிறார். முன்பெல்லாம் அவள் யாரிடமும் பேசமாட்டாள். இப்போது மேடையேறிப் பாடுகிறாள். கலை அவளுக்குத் தன்னம்பிக்கை தந்தது. அமைப்பை நடத்துபவருக்கு ஒரு வணக்கம். அவ்வளவுதான், கட்டுரை முடிந்தது.

சரி, எப்படிப் பாடினாள்? சுருதி சேர்ந்ததா? எந்த இடத்தில் மூச்சு விட்டாள்? சொல்லிக்கொடுத்தவரின் நகலாக இருந்தாளா, இல்லை தனக்கென்று ஏதாவது வைத்திருந்தாளா? இதை யாரும் எழுதுவதில்லை. சபா கச்சேரிக்கு அடுத்த நாள் பத்திரிகையில் இந்தக் கேள்விகள்தான் வரும். புதிதாக வந்த சிறுகதைத் தொகுப்பை நாம் வரிவரியாகப் பிரித்துப் போடுகிறோம். ஆனால் பின்தங்கிய இடத்திலிருந்து வந்த பிள்ளை மேடையில் நின்றால் கைதட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது இரக்கம் மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒருவகை ஒதுக்கல். விமர்சனம் செய்யும் அளவுக்கு உன்னைக் கலைஞராக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை மரியாதையான குரலில் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு முயற்சியை இந்தக் கட்டுரை அப்படி இல்லாமல் பார்க்க விரும்புகிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சை அரசந்தாங்கல் என்ற ஊரில் 2002இல் தொடங்கி 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம். கோயம்புத்தூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நான் வடாற்காட்டுப் பக்கத்துக் கூத்தைப் பற்றி எதற்கு எழுத வேண்டும்? எங்கள் ஊரில் இப்போது கலைப் பயிற்சி என்ற பெயரில் நடக்கிற இரண்டு விஷயங்களை அளந்து பார்க்க எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அது அங்கேதான் இருந்தது.

*

முதலில் அந்தக் கலை எவ்வளவு நேரம் கேட்கிறது என்று பார்ப்போம்.

கூத்து இரவு பத்து மணிவாக்கில் தொடங்கினால் விடியும் வரை நடக்கும். சுமார் எட்டு மணிநேரம். ஆடுபவரே பாட வேண்டும், வசனம் பேச வேண்டும். மைக் வருவதற்கு முந்தைய காலத்து வடிவம் என்பதால் ஆண் கலைஞர்கள் உச்சஸ்தாயியில் பாடியே பழகியது. முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் ஆகியவற்றின் சத்தத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேர வேண்டும். மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லும் தங்கத்தாளும் ஒட்டிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிறுக்கி அடிக்க வேண்டும். கட்டைக்கூத்து என்ற பெயரே இந்தக் கட்டைகளிலிருந்து வந்ததுதான்.

இதெல்லாம் உடம்புக் கணக்கு. இதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நாடகத்தின் பாட்டுகள் மனப்பாடமாக இருக்கும். ஆனால் வசனத்தில் பாதி அந்த இரவில் அந்த ஊரில் உருவாவது. எதிரில் நிற்பவர் எதை எடுத்துக் கொடுப்பார் என்று தெரியாது. கட்டியங்காரன் இடையில் புகுந்து உள்ளூர் தலைவரைக் கிண்டல் செய்வார், அதைப் பிடித்துக்கொண்டு கதைக்குள் திரும்ப வர வேண்டும். கோயிலில் பாரத விழா நடந்தால் பகலில் பிரசங்கியார் சொன்ன அதே கதையை ராத்திரி கூத்து ஆடிக்காட்டும். கேட்டவர்களுக்குக் கதை தெரியும். எங்கே தப்பு விட்டாலும் முன்வரிசைக் கிழவி கண்டுபிடித்துவிடுவாள். துகில் காட்சிக்கு முன் சூடம் கொளுத்தி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆடும் வழக்கமும் உண்டு. ஏனென்றால் அங்கே அது வெறும் நடிப்பு இல்லை.

இந்தப் பட்டியலில் எதையாவது இரண்டு நாள் பயிலரங்கில் சொல்லிக்கொடுக்க முடியுமா? அடவைக் காட்டலாம், கிரீடத்தைத் தலையில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். கூத்து வராது.

பெ. ராஜகோபால் இதை உடம்பால் அறிந்தவர். பெருங்கட்டூரைச் சேர்ந்த கூத்துக் குடும்பம். அப்பா பொன்னுசாமி வாத்தியார். ராஜகோபால் சிறுவனாகவே பள்ளியை விட்டுவிட்டு மேடையேறியவர். அந்தக் காலத்துக் கூத்தாடிப் பிள்ளைக்கு வேறு வழியில்லை. ராத்திரி முழுக்க ஆடிவிட்டுக் காலையில் வகுப்பில் எப்படி உட்காருவது? கலை வேண்டுமென்றால் எழுத்து போகும், எழுத்து வேண்டுமென்றால் கலை போகும். அவரும், கூத்தை ஆராய நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே அவரோடு வாழத் தொடங்கிய ஹன்னே டி புருயினும், மற்ற கலைஞர்களும் சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை உருவாக்கினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்துக் குருகுலம்.

குருகுலத்தின் அடிப்படை யோசனை ரொம்ப எளிமையானது. இந்த 'இதுவா அதுவா' என்கிற கணக்கை உடைப்பது. பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள், பாடப்புத்தகமும் படிப்பார்கள், கூத்தும் கற்பார்கள். வறுமையான கிராமத்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பையன்கள் மட்டுமில்லை, பெண் பிள்ளைகளும்.

*

அந்தக் கடைசி வரியில்தான் குருகுலத்தின் பெரிய காரியம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கட்டைக்கூத்து ஆண்களின் மேடையாகவே இருந்தது. திரௌபதியாக வந்தவரும் ஆண்தான். ஒரு பெண்ணை அந்த மேடையில் ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, மகளிர் தினத்துக்கு ஒரு 'சிறப்பு நிகழ்ச்சி' போடலாம். பத்திரிகையில் படம் வரும். அடுத்த வாரம் பழையபடி. இரண்டாவது வழி, எட்டு வயதிலோ பத்து வயதிலோ அவளுக்கு முதல் அடவைச் சொல்லிக்கொடுத்து, குரல் உடைந்து மறுபடி சேரும் வரை காத்திருந்து, ராத்திரி முழுக்கத் தாங்குகிற மூச்சு வந்த பிறகு கட்டை கட்டிவிடுவது. இதற்குப் பத்து வருஷம் ஆகும். குருகுலம் இரண்டாவது வழியில் போனது. அங்கே படித்த எஸ். திலகவதி இன்று தொழில்முறைக் கட்டைக்கூத்துக் கலைஞர். யாரோ பாவப்பட்டுக் கொடுத்த வாய்ப்பில் ஐந்து நிமிஷம் ஆடிவிட்டுப் போகிறவர் இல்லை, தொழில் தெரிந்தவர். டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் சங்கத்தோடு சேர்ந்து கர்னாடக சங்கீதத்தையும் கட்டைக்கூத்தையும் ஒரே மேடையில் வைத்து நிகழ்த்தியபோது, குருகுலத்தில் வளர்ந்தவர்கள் அங்கே தங்கள் கலையின் முழு எடையோடு நின்றார்கள்.

இங்கேதான் கைதட்டலை நிறுத்திவிட்டு விமர்சகன் வேலையைத் தொடங்க வேண்டும். ஆணின் உச்சஸ்தாயிக்கென்று வளைந்து உருவான பாட்டைப் பெண் குரல் எடுக்கும்போது என்ன ஆகிறது? ஆண் அந்தச் சுருதியில் பாடும்போது தொண்டையில் ஒரு இழுபறி கேட்கும், வீரமே அந்த இழுபறியில்தான் இருக்கும். பெண்ணுக்கு அதே சுருதி எளிதாக வந்துவிட்டால் வீரத்தை எங்கிருந்து எடுப்பது? காலடியிலிருந்தா, வசன வேகத்திலிருந்தா? துச்சாதனனாக ஒரு பெண் நின்று, திரௌபதியின் துகிலைப் பற்றி இழுக்கும்போது சூடம் காட்டிய கூட்டம் என்ன பார்க்கிறது? ஆண் திரௌபதியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பெண் திரௌபதியின் அழுகை கூடுதலாகத் தெரியுமா, குறைவாகத் தெரியுமா? இந்தக் கேள்விகளுக்கு நூறு பக்கம் எழுதலாம். பதினெட்டு வருஷம் ஒரு இடம் இயங்கியிருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் வந்திருக்க வேண்டிய ரசனை விமர்சனத்துக்கும், வந்த 'சாதனைக் கதை'களுக்கும் நடுவில் உள்ள தூரம் நம் இலக்கியச் சூழலைப் பற்றி நிறையச் சொல்கிறது.

ராஜகோபால் பெயர் விஷயத்தில் பிடிவாதமாக இருந்ததையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தெருக்கூத்து என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். நகரத்துப் பார்வையில் அந்தத் 'தெரு'வுக்கு ஒரு மட்டமான வாடை இருக்கிறது என்பதால் கட்டைக்கூத்து என்றே சொல்ல வேண்டும் என்றார். தெருக்கூத்து என்ற பெயரைப் பெருமையோடு வைத்திருக்கும் புரிசை மாதிரியான மரபுகளும் உண்டு. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு கலைஞன் தன் கலையின் பெயர் மேல் உரிமை கொண்டாடிச் சண்டை போடுகிறான் என்பதுதான் முக்கியம். பயனாளிகள் பெயருக்காகச் சண்டை போடமாட்டார்கள். சொந்தக்காரன்தான் போடுவான்.

*

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

கோவையில் ஐ.டி. கம்பெனிகள் பெருகியதோடு இன்னொன்றும் பெருகியது. சனிக்கிழமைக் கலைப் பயிலரங்கு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள நிறுவனங்கள் கடைசி மூன்று வருஷத்துச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பட்டியலில் பாரம்பரியக் கலைகளுக்கும் இடமுண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் 2021இல் திருத்தப்பட்ட விதிகளில் 'தொடர் திட்டம்' என்பதற்கு ஒரு வரையறை வந்தது. தொடங்கிய நிதியாண்டைக் கழித்து அதிகபட்சம் மூன்று வருஷம். கணக்குத் தணிக்கைக்கு அது வசதி. அதைக் கூத்துக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு வயதில் சேர்ந்த பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது திட்டம் 'வெற்றிகரமாக நிறைவு'. அவள் குரல் அப்போதுதான் மாறத் தொடங்கியிருக்கும்.

நடைமுறையில் நாலு வருஷம்கூட யாரும் போவதில்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு நாடகப் பயிலரங்கு நடந்தது. இரண்டு சனிக்கிழமை. எல்லோருக்கும் டீ-ஷர்ட். தன்னார்வலர்களில் நானும் ஒருவன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கிழவன் வேஷம் போட்டான். அபாரமான கவனிப்பு. கை நடுக்கம், வாய் மெல்லுவது எல்லாம் அப்படியே. பயிற்சியாளர் "சூப்பர், சூப்பர், எல்லாரும் கைதட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணா, நெஜமாவே நல்லா இருந்துச்சா? இல்ல சும்மா சொல்றீங்களா?"

"கை கெழவன் கை. முட்டி மட்டும் உன் முட்டிடா. நடக்கறப்போ தெரிஞ்சிருது" என்றேன்.

அவன் முகம் வாடவில்லை. தட்டை வைத்துவிட்டு வராந்தாவில் முட்டியை மடக்கி மடக்கி நடந்து பார்த்தான். அரை மணிநேரம். அந்த இரண்டு சனிக்கிழமைகளில் நடந்த ஒரே கலைப் பயிற்சி அதுதான் என்று எனக்குத் தோன்றும். நிறைவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'நிகழ்ச்சி மகிழ்ச்சியாக இருந்ததா? 1 முதல் 5 வரை.' அவனுக்கு வேண்டியது மகிழ்ச்சி இல்லை. முட்டியைப் பற்றிச் சொல்ல அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் ஒருத்தர் வேண்டும். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நான் பொறியியல் படித்தவன். அளக்க முடியாததை மேம்படுத்த முடியாது என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவன். ஆனாலும் ஒன்று சொல்லலாம். எங்கள் தொழிலில்கூட ஒரு ஜூனியரை ஆளாக்குவது அவன் எழுதிய நிரலை ஒரு சீனியர் வரிவரியாக வாசித்து, இது வேண்டாம், இது ஏன், இதை மாற்று என்று வருஷக்கணக்கில் சொல்வதுதான். "சூப்பர்" என்று மட்டும் சொல்லி யாரையும் இன்ஜினியர் ஆக்கியதில்லை. எங்களுக்கு அந்த மரியாதையை எடுத்துக்கொள்கிறோம். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு டீ-ஷர்ட் கொடுக்கிறோம்.

*

அப்படியென்றால் கொங்கு நாட்டில் நீண்டகாலப் பயிற்சியே இல்லையா? இருக்கிறது. வள்ளி கும்மி.

மேட்டுப்பாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த பத்ரப்பன் அய்யாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முருகன் வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மியில் ஆயுளைக் கழித்தவர். ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். இன்று கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கும்மிக் குழு இல்லாத ஊர் குறைவு. சாயங்காலம் கோயில் மைதானத்தில் பயிற்சி, பிறகு ஊரைக் கூட்டி அரங்கேற்றம். எங்கள் சின்னம்மா ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டார்.

"காலு பழகறதுக்கே ஒரு மாசம் ஆச்சு கண்ணு. வாத்தியாரு மொகத்துக்கு நேரா தப்புன்னா தப்புன்னு சொல்லிப்போடுவாரு. ஆனா ஒருநா பாட்டுக்கும் காலுக்கும் ஒண்ணாச் சேர்ந்துச்சு பாரு, அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சோறே எறங்குல."

நான் மேலே கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது. காலம் இருக்கிறது. தப்பைத் தப்பென்று சொல்லும் ஆசிரியர் இருக்கிறார். கற்பவருக்கு அது தன்னுடையதாக ஆகும் நாளும் இருக்கிறது. சமையலறையை விட்டு வெளியே வராத பெண்கள் நடு மைதானத்தில் சலங்கை கட்டி நிற்பது சின்ன விஷயமில்லை. இதை நக்கலடிக்கும் நகரத்து முற்போக்கோடு எனக்கு உடன்பாடில்லை.

சின்னம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன். "காலனிப் புள்ளைங்க யாராச்சும் வந்தாங்களா?"

"அவிய எதுக்குக் கண்ணு வர்றாங்க? அவியளுக்கு அவிய ஆட்டம் இருக்குதல்ல."

வன்மம் எதுவும் இல்லாத குரல். மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பது போலச் சொன்னார். எல்லாக் குழுவும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சியை நடத்துவது பல இடங்களில் சாதிச் சங்கம். சில மேடைகளில் ஆட்டம் முடிந்ததும் சொந்த சாதியில்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று இளம்பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளிகள் வெளிவந்து செய்தியானது நமக்குத் தெரியும். வள்ளியின் கதை என்ன? தினைப்புனம் காத்த குறவர் மகளைத் தேடிப்போய், வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டு, வீட்டார் சம்மதத்துக்குக் காத்திராமல் காதலித்துக் கைப்பிடித்த கதை. அந்தக் கதையை இரண்டு மணிநேரம் பாடி ஆடிவிட்டு, அதே மூச்சில் சாதி மாறமாட்டேன் என்று கை நீட்டச் சொல்கிறார்கள். கதையைக் காலுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காதுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கலை விமர்சனம் இல்லாத இடத்தில் இதுதான் நடக்கும். அடவு பிசகினால் அதட்டும் ஆசிரியர் இருக்கிறார், அர்த்தம் பிசகினால் கேட்க ஆளில்லை.

ஆக எங்கள் ஊரில் ஒரு பக்கம் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, உள்ளே இரண்டு சனிக்கிழமைதான் இருக்கிறது. இன்னொரு பக்கம் உள்ளே வருஷங்கள் இருக்கின்றன, கதவில் ஆள் நிற்கிறது. காலமும் வாசலும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அபூர்வம். குருகுலத்தை நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டது இதனால்தான்.

"அவியளுக்கு அவிய ஆட்டம்" என்ற வாக்கியத்துக்கு ஒரு பதில் திண்டுக்கல்லில் இருக்கிறது. அங்கே சிஸ்டர் சந்திராவின் சக்தி கலைக்குழு தலித் இளம்பெண்களுக்குப் பறையைக் கற்றுத்தந்து வருகிறது. கும்மியில் வாசல் மூடியிருந்தது. பறையில் வெளியேறும் வழி மூடியிருந்தது. சாவு வீட்டில் அடிக்க வேண்டிய கடமையாக ஒரு சாதியின் மேல் ஏற்றப்பட்டு, இழிவு என்று முத்திரை குத்தப்பட்ட கருவி. பெண்கள் தொடாததும்கூட. அதையே எடுத்து, நேரம் கொடுத்துப் பழகி, மேடையில் நிமிர்ந்து அடிக்கிறார்கள். இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படமே எடுத்தார். மதுரைப் பக்கத்து வேலு ஆசான் 2025இல் பத்மஸ்ரீ வாங்கியபோது பறைக்கு அரசு முத்திரையும் கிடைத்தது. இருந்தும் பறையைப் பற்றி நம் கட்டுரைகள் 'விடுதலையின் குரல்' என்பதோடு நின்றுவிடுகின்றன. அடியின் வகைகள், குச்சி பிடிக்கும் விதம், ஒரு குழுவின் நடைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

*

விமர்சனம் வந்தால் இப்படிப்பட்ட முயற்சிகள் படுத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. ஏற்கெனவே பணமில்லை, நீங்கள் வேறு குறை சொல்ல வேண்டுமா?

உலகத்திலேயே பெரிய உதாரணம் வெனிசுலாவின் எல் சிஸ்தெமா. 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளை ஆர்கெஸ்ட்ரா மூலம் மீட்கிறோம் என்றார்கள். குஸ்தாவோ துதாமெல் மாதிரி உலகப் புகழ் நடத்துனர் அங்கிருந்து வந்தார். பல நாடுகள் அப்படியே நகலெடுத்தன. நாற்பது வருஷம் புகழ்மாலைதான். 2014இல் ஜெஃப்ரி பேக்கர் என்ற இசை ஆய்வாளர் அங்கே போய்க் கள ஆய்வு செய்து, அதிகாரப் போக்கு, கேள்வி கேட்க விடாத ஒழுங்கு, நிரூபிக்கப்படாத பெருமைகள் என்று ஒரு புத்தகமே எழுதினார். பிறகு இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் பேங்க் சார்ந்த ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்து அளந்தார்கள். சேர்ந்த பிள்ளைகளில் வறுமையில் இருந்தவர்கள் 16.7 சதவீதம். அவர்கள் வாழ்ந்த மாநிலங்களில் குழந்தை வறுமை 46.5 சதவீதம். அதாவது ஏழைகளுக்கான இடம் என்று பெயர் பெற்ற இடத்தின் வாசலில் ஏழைகள் குறைவாகவே நுழைந்திருக்கிறார்கள்.

இந்த எண்கள் எல் சிஸ்தெமாவைக் கொன்றுவிடவில்லை. அதே மாதிரி ஒன்றைத் தொடங்குகிறவர்கள் வாசலைப் பற்றி யோசிக்க ஒரு காரணம் கிடைத்தது. நாற்பது வருஷப் புகழ்ச்சி தராததை ஒரு புத்தகமும் ஓர் ஆய்வும் தந்தன.

அதே உரிமையோடு குருகுலத்தையும் கேட்கலாம். ஒரு நிறுவனம் இரண்டு பேரின் ஆயுளோடு இவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கலாமா? 2002இல் ஏழு வயதில் சேர்ந்த பிள்ளைக்கு 2020இல் இருபத்தைந்து. மாணவர் ஆசிரியராகும் வயது. சரியாக அங்கே கதவு சாத்தப்பட்டிருக்கிறது. குருகுலத்தில் வளர்ந்தவர்கள் இன்றும் ஆடுகிறார்கள், சங்கமும் இருக்கிறது. ஆனால் அடுத்த எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த வாசல்? விடிய விடிய ஆடும் தொழிலில் ஒரு பெண்ணைத் தேர்ந்தவளாக்கிவிட்டோம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ராத்திரி வேஷம் கட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்? அந்த வீட்டையும் அந்த ஊரையும் பழக்குவது யார் வேலை? பங்குனியிலிருந்து சில மாதங்கள் வரும் கூத்துச் சம்பளத்தில் வருஷம் முழுக்க ஓடுமா? இந்தக் கேள்விகள் ராஜகோபாலையோ ஹன்னேவையோ குறைசொல்ல அல்ல. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகுதான் இந்தக் கேள்விகளே முளைக்கும். இரண்டு சனிக்கிழமைப் பயிலரங்கிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்காது. கேள்வி கேட்கும் அளவுக்கு ஒரு காரியம் வளர்ந்திருக்கிறது என்பதே அதற்கான பாராட்டு.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். வாசல் இவ்வளவு அகலமாகத் திறந்தது இதுவரை நடக்காதது. அதை மனதாரச் சொல்ல வேண்டும். ஆனால் அது போட்டி. நவம்பரில் பரிசு, டிசம்பரில் பரீட்சை. மாவட்ட அளவில் பறையடித்து ஜெயித்த பெண்ணுக்கு ஜனவரியில் யார் சொல்லித்தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. பக்கத்து ஊரில் ஒரு கலைஞர் இருப்பார். அவரை வாரம் இரண்டு நாள் அந்தப் பள்ளிக்குள் கொண்டுவந்து, மரியாதையான சம்பளம் கொடுத்து, பத்து வருஷம் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும். பெரிய கட்டடம் வேண்டாம். அரசால் இது முடியும். மூன்று வருஷக் கம்பெனித் திட்டங்கள்கூட ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற்றினால் இதைச் செய்யலாம். ஒரே ஆசிரியர், ஒரே பிள்ளைகள், பணம் கொடுப்பவர் மட்டும் மாறட்டும்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் 'மணல் வீடு' இதழையும் களரி அமைப்பையும் நடத்தி, கூத்துக் கலைஞர்களை இலக்கியத்தின் பக்கத்திலேயே உட்காரவைத்தார். சிற்றிதழ் வாசகன் கூத்தைப் பார்க்கப் போக வேண்டும் என்பதை அவர் ஒரு பழக்கமாக்க முயன்றார். இணையத்தில் எழுதும் நம் தலைமுறை அதைத் தொடரலாம். அடுத்த முறை உங்கள் ஊரில் பிள்ளைகளின் கூத்தோ பறையோ கும்மியோ நடந்தால் முன்வரிசையில் போய் உட்காருங்கள். விடியும் வரை முடியாவிட்டால் பன்னிரண்டு மணி வரையாவது. வீட்டுக்கு வந்து எழுதுங்கள். அவர்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதை விட்டுவிட்டு, அன்றைக்குத் துரியோதனன் எப்படி உள்ளே வந்தான், எந்த இடத்தில் சொதப்பினான், எந்த இடத்தில் உங்களை நிமிர்ந்து உட்காரவைத்தான் என்று எழுதுங்கள். அடுத்த வருஷமும் போங்கள். அவன் அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டானா என்று பார்த்து, அதையும் எழுதுங்கள்.